ஏச ஆளில்லாத ஆட்டம்

காட்ஸ் விளையாட இடம் நடத்துகிறவன் காட்ஸ் விளையாடக் கூடாது. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன்தான் செய்யவேண்டும். தேத்தண்ணீர் ஊற்றவேண்டும், கதிரை துடைக்கவேண்டும், வாசலில் பனி வழிக்கவேண்டும், நாளுக்குப் பத்துப் பொய் சொல்லவேண்டும். கடை வைத்திருக்கிறவர்களுக்கும், வைத்து மூடினவர்களுக்கும், வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு திரிகிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்குக் கோபமில்லை.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நல்ல காரியங்களுக்குப் பணம் திரட்ட மண்டபங்களில் வார இறுதிக் கசினோ வைப்பார்கள். நான் கிழமை நாட்களில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் அங்கே கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாகப் போக்கர் மேசையில் காட்ஸ் பிரித்துக் கொடுத்தேன். வெள்ளைக்காரர்கள் என்னை "சேர்" என்று கூப்பிட்டார்கள். அது தலைக்கு ஏறிவிட்டது. தைப்பொங்கல் கழிந்த கிழமை, மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில், சாறிக் கடைக்கும் கார் ஓட்டப் பழக்குகிற கந்தோருக்கும் நடுவில் ஓர் இடத்தை லீசுக்கு எடுத்து, எட்டு மேசை போட்டு, "போக்கர்" என்று வெளியே போட் மாட்டினேன். காசு வைத்து ஆடவிட்டால் கம்பி எண்ணவேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆகவே உள்ளே வர ஒரு சின்னக் கட்டணம், ஆடுவதற்குப் பிளாஸ்ரிக் சில்லுகள், மாத முடிவில் அதிகம் சில்லு சேர்த்தவருக்கு ஒரு ரைஸ் குக்கர்.

இதெல்லாம் செய்து முடித்த பிறகுதான் மனைவி வசந்திக்குச் சொன்னேன். பாண் தொழிற்சாலை வேலையை விட்டதையும் அதோடு சேர்த்துச் சொன்னேன். சோக்ஸைக் கட்டிலுக்குக் கீழே போட்டாலே அரை மணித்தியாலம் ஏசுகிறவள் அவள். அன்றைக்கு ஏசவில்லை. "ஆறு மாசம் பாப்பம். சரிவராட்டி மூடிப்போட்டுப் பழைய வேலைக்குப் போங்கோ" என்றாள். அதற்குப் பிறகு என்னை எதற்குமே ஏசவில்லை. சாப்பாடு வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது, ஏச்சு மட்டும் நின்றுபோனது. கலியாணம் கட்டிய ஆண்களுக்கு இதன் பயங்கரத்தை நான் விளக்கத் தேவையில்லை. காட்ஸ் அறையை மூடினால் பழைய வேலைக்குப் போய்விடலாம். ஆனால் வீட்டுக்குள் அந்த அமைதியோடு காலம் முழுக்க இருக்கவேண்டி வந்துவிடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ரெலிபோனில் இல்லாதவர்கள்

வாடிக்கையாளரின் முதல் தேவை முதல் கிழமையே தெரிந்துவிட்டது. நல்ல காட்ஸ் அல்ல, நல்ல வெளிச்சமும் அல்ல. ரெலிபோன் அடித்தால் "அவர் இஞ்சை இல்லை" என்று சொல்ல நம்பிக்கையான ஒரு குரல். கோட்டைக் கழற்றும்போதே, "தம்பி, நான் இண்டைக்கு வரேல்லை, என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள். சில பின்னேரங்களில் அறைக்குள் இருபது பேர் இருப்பார்கள். நான் ரெலிபோனில் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஒருவர்கூட வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ஜெயமணி அன்ரி அழைத்தார். அவருடைய கணவர் இராசலிங்கம் அங்கிள் மூன்றாம் மேசையில் இருந்தார். நான் கசினோவில் பழகிய குரலில், "இல்லை அன்ரி, இண்டைக்கு இந்தப் பக்கமே காணேல்லை" என்றேன். அந்த நேரம் பார்த்து அங்கிள் தன்னுடைய பாட்னரைப் பார்த்து, "உமக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ?" என்று கத்தினார். அன்ரி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "வராட்டிப் பரவாயில்லைத் தம்பி. இப்ப கத்தின அந்த மனுசனிட்டைச் சொல்லும், போற வழியிலை பால் வாங்கிக்கொண்டு போகட்டாம் எண்டு."

கிழக்குப் பார்த்த கதிரை

எங்கள் ஆட்களின் ஆட்டம் முன்னூற்றிநாலு. நாலு பேர், இரண்டு சோடி. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு பக்கம். போக்கர் என்று போட் மாட்டிய முதல் நாளே வந்தவர்கள் எல்லாரும் அதை வாசித்துவிட்டு, உள்ளே வந்து, முன்னூற்றிநாலு விளையாடினார்கள். நடுமேசை ஒன்றைப் போக்கருக்கு என்று ஒதுக்கிவிட்டு மற்ற ஏழையும் விட்டுக்கொடுத்தேன்.

அந்த ஏழிலும் பேர்போன சோடி சிவகுரு மாஸ்டரும் தில்லை அண்ணையும். மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிட்டி. தில்லை அண்ணை எயாப்போட்டில் ராக்ஸி ஓடுகிறவர். இருவரும் ஒரே வருடம் வந்து ரெக்ஸ்டேலில் ஒரே பேஸ்மென்றில் இருந்தவர்கள். எட்டு வருடமாக ஒருவருக்கு எதிரே மற்றவர் இருந்துதான் காட்ஸ். அவர்கள் மேசையைச் சுற்றி நின்று பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள். மாஸ்டரிடம் படித்தவர்கள் மட்டும் பத்துப் பேராவது இருக்கும்.

தில்லை அண்ணை ஒருநாள் காரில் ஒட்டிவைக்கும் திசைகாட்டியைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தார். கிழக்குப் பார்த்து இருந்தால்தான் தனக்கு வெற்றி என்று சாத்திரியார் சொன்னாராம். திசைகாட்டியை மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மேசையைத் தூக்கித் திருப்பவைத்தார். யன்னல் மேற்குப் பக்கம். பின்னேர வெயில் நேரே மாஸ்டரின் கண்ணுக்குள் விழுந்தது. மாஸ்டர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மற்றக் கையால் காட்ஸைப் பிடித்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "அண்ணை, மாஸ்டர் மேற்கைப் பாக்கவேண்டி வருதே?" என்றேன். தில்லை அண்ணை காட்ஸிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார்: "பாக்கட்டும். அவருக்கு ஏழரைச் சனி முடிஞ்சுபோச்சு."

போக்கர் வகுப்பு

நான் விடுகிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைப் பிடித்து இருத்தி, இலவச வடையும் கொடுத்து, போக்கர் வகுப்பு எடுத்தேன். ஆளுக்கு ஐந்து காட்ஸ். பிடிக்காததை மாற்றலாம். நல்ல கை என்றால் சில்லைக் கூட்டவேண்டும். பயம் என்றால் காட்ஸைக் கீழே வைத்துவிடலாம். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எல்லாம் இருக்கிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூட்டினால், மற்றவர்கள் பயந்து கீழே வைத்துவிடுவார்கள். முகம் அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் சொன்னபோது வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது.

சிவகுரு மாஸ்டர் முன் கதிரையில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினார். "இதிலை என்ரை பாட்னர் ஆர்?" என்று கேட்டார். "பாட்னர் இல்லை மாஸ்டர். ஒவ்வொருத்தரும் தனித்தனி" என்றேன். "தனித்தனி எண்டா? வெண்டாலும் நான்தான், தோத்தாலும் நான்தானோ?" "ஓம் மாஸ்டர்." மாஸ்டர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ஒரு நல்ல மாணவன் தவறான பாடப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறமாதிரி என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் நல்லாப் படிப்பிக்கிறீர். ஆனா தோத்தா ஆரை ஏசுறது?"

வெள்ளிக்கிழமைக் கட்லட்

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ரோல் வைத்தால் சைவக்காரர் முகம் சுளிப்பார்கள். அதற்காக மீன் கட்லட் போட்டேன். மீனும் அதே சுளிப்பு. சரியென்று மரக்கறி ரோலுக்கு மாறினேன். தவக்காலம் வந்தது. மன்னாரிலிருந்து வந்த எங்கள் கத்தோலிக்க அன்பர்கள், வெள்ளியில் இறைச்சிதானே விலக்கு, மீனை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். இரண்டு தட்டு வைத்தேன். இரண்டையும் ஒரே எண்ணெயிலா பொரித்தாய் என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரே எண்ணெய்தான். பொய் சொல்லிப் பழகியிருந்தாலும் எண்ணெய் விசயத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

அன்றைக்கு இரண்டு தட்டும் அப்படியே மிஞ்சியது. பொறுப்பான வயதான ஒருவர் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதையும். எங்கடை ஆக்கள் சமயம் பாக்காமல் ஒற்றுமையா நிண்டு ஏசினது உம்மை ஒருத்தரைத்தான்."

அன்ரி வந்தார்

ஒரு நாள் பால் வரவில்லை. ஜெயமணி அன்ரி நேரே வந்துவிட்டார். சப்பாத்தில் பனியோடு வாசலில் நின்று அறையைப் பார்த்தார். இராசலிங்கம் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார், தான் பார்க்காவிட்டால் தன்னையும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ தெரியாது. எல்லாரும் சண்டை வரப்போகிறது என்று காத்திருந்தோம். அன்ரி நடுவிலிருந்த வெறும் மேசையைக் காட்டி, "உது என்ன?" என்று கேட்டார். போக்கர் என்று சொல்லி, இரண்டு நிமிடத்தில் விளக்கினேன். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இருந்தார்.

அவரைச் சமாளிக்கவென்று மூன்று பேர் மரியாதைக்காக எதிரே இருந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் அந்த மூன்று பேரின் சில்லும் அன்ரி முன்னால் இருந்தது. கடைசி ஆட்டத்தில் அவருடைய கையில் ஒரு சோடிகூட இல்லை. முகத்தில் ஓர் அசைவு இல்லை. கசினோவில்கூட நான் அப்படியொரு முகத்தைக் கண்டதில்லை. "அன்ரி, முந்தி எங்கையாவது பழகினனீங்களோ?" என்று கேட்டேன். அங்கிளின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா உந்த மனுசனோடை குடும்பம் நடத்துறன். கையிலை ஒண்டுமில்லாமல் எல்லாம் இருக்கிறமாதிரி இருக்க எனக்கு வேறை ஆர் பழக்கவேணும்?"

வெட்டின பிடி

பங்குனி கடைசியில் அந்தப் பெரிய சண்டை வந்தது. நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதோடு என் வியாபாரம் விழுந்தது.

மாஸ்டர் ஒரு பெரிய காட்டைப் போட்டார். அந்தச் சுற்று அவருக்குத்தான் விழப்போகிறது, அதாவது அவர்கள் சோடிக்கு. அப்படிப் பாட்னரின் கைக்கு வருகிற பிடியை, எதையும் வெல்லுகிற துரும்பு போட்டு வெட்டுவது, சொந்த வீட்டுக்கு யன்னலால் ஏறுகிறமாதிரி. தில்லை அண்ணை வெட்டினார். காலை தொடங்கி ராக்ஸி ஓடிவிட்டு நித்திரைக் கண்ணோடு வந்திருந்தார். வீணாய்ப் போன அந்தத் துரும்பு கடைசியில் இல்லாததால் தோற்றார்கள். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் மாஸ்டரின் பழைய மாணவர்கள். மாஸ்டர் எழும்பி நின்று, வகுப்பில் ஏசுகிறமாதிரி ஏசினார். வழக்கமாக ஏசுவதுதான். தில்லை அண்ணை வழக்கமாகச் சிரித்துக்கொண்டே காட்ஸைக் குலுக்குவார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினார். "மாஸ்டர், நான் உங்கடை பள்ளிக்கூடத்திலை படிச்சவன் இல்லை."

கதைக்காத இருவர்

ஒரு கிழமையில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவர்கள் மேசை வெறுமையாக இருந்தது. அதைச் சுற்றி நின்றவர்களும் வரவில்லை. ஒரு பின்னேரம் மொத்தமாக ஆறு பேர். அதில் ஒருவர் கழிவறைக்கு மட்டும் வந்தவர். வசந்தி கேட்டால் "பரவாயில்லை" என்றேன். அவளும் "ம்" என்றாள்.

சித்திரையில் மாஸ்டர் தனியாக வந்தார். மற்றச் சோடிகளெல்லாம் வருடக்கணக்காக ஒட்டியவை. தனி ஆள் ஒருவருக்கு அங்கே இடமில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் போக்கர் மேசையில், அன்றிலிருந்து அந்த மேசையை விடாத அன்ரிக்கு எதிரே, இருந்தார். அரை மணித்தியாலம் கழித்துத் தில்லை அண்ணையும் தனியாக வந்தார். அதே நிலைமை, அதே மேசை. எனக்குச் சந்தோசம் தாங்கமுடியவில்லை. பாருங்கள், என் அற்பப் புத்தியை. இரண்டு நல்ல மனிதர்கள் பிரிந்ததில் எனக்குப் போக்கருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கிழமை தவறாமல் இருவரும் வந்தார்கள். ஒரே மேசை, ஒரு வார்த்தை கிடையாது. சில்லுப் பெட்டி வேண்டுமென்றால் என் ஊடாகத்தான் கேட்பார்கள். நான் ஒருநாள் மாஸ்டரிடம் மெல்ல, "எட்டு வருசப் பழக்கம், ஒருக்காக் கதைச்சுப் பாக்கலாமே" என்றேன். மாஸ்டர் மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "உந்தாள் வெட்டினது பிழையெண்டு உந்தாளைச் சொல்லச் சொல்லும். நான் கதைக்கிறன்."

மூன்று ஆஸ்

வைகாசியில் ஒரு நாள். தில்லை அண்ணை பெரிய குவியலாகச் சில்லைத் தள்ளினார். மற்றவர்கள் கீழே வைத்தார்கள். மாஸ்டர் தன் காட்ஸைப் பார்த்தார், தில்லை அண்ணையின் முகத்தைப் பார்த்தார், பிறகு காட்ஸைக் கவிழ்த்துக் கீழே வைத்தார். தில்லை அண்ணை வென்ற சந்தோசத்தில் தன் கையைத் திறந்து காட்டினார். இரண்டு ஆறு, ஒரு சோடி. அவ்வளவுதான். காட்ஸ் சேர்க்கிறவன் கீழே வைத்த கையைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். நான் பார்த்தேன். மாஸ்டரின் கையில் மூன்று ஆஸ் இருந்தது.

கணக்கு மாஸ்டருக்கு மூன்று ஆஸின் பெறுமதி தெரியாதா? வகுப்பில் குறிப்பெடுத்தவர் அல்லவா? வயது போய்விட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த கிழமை மாஸ்டர் கூட்டினார், தில்லை அண்ணை கீழே வைத்தார். அந்தக் கையையும் பார்த்தேன். அதுவும் வெல்லக்கூடிய கைதான். அதற்குப் பிறகு கவனித்தேன். அன்ரி கூட்டினால் இருவரும் கடைசிவரை நின்று மல்லுக்கட்டுவார்கள். ஒருவரை ஒருவர் மட்டும் தோற்கடிக்கமாட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இருக்கிற போக்கர் வாடிக்கையாளரையும் துரத்த நான் விசரனா?

ஆனால் என்னைவிடக் கூர்மையான கண் ஒன்று அந்த மேசையில் இருந்தது. அன்ரி என்னைத் தேத்தண்ணீர் அறைக்குக் கூப்பிட்டார். "தம்பி, உவை ரெண்டு பேரும் கூட்டு. கசினோவிலை உதைக் களவு எண்டுதானே சொல்லுறது?" என்றார். "அன்ரி, அவை கதைக்கிறதே இல்லையே" என்றேன். அன்ரி என்னைப் பார்த்த பார்வையில், உலகம் தெரியாத பிள்ளை என்று எழுதியிருந்தது. "கதைக்காட்டி? நானும் இவரோடை ஒருக்கா ரெண்டு மாசம் கதைக்கேல்லை. அதுக்காக மனுசனுக்கு உப்பில்லாத கறியே வைச்சனான்?"

சுவரில் எழுதின சட்டம்

இருவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் உதவி ஆடுவது களவு, அப்படி ஆடுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று நானே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஆறு மாதம் முடிய இரண்டு கிழமை இருந்தது. சட்டத்தைப் பார்த்தால் போக்கர் மேசை போய்விடும், மாஸ்டரின் மாணவர்கள் இனி எட்டியும் பார்க்கமாட்டார்கள். பார்க்காவிட்டால் அன்ரி போய்விடுவார், இது களவுக்கார இடம் என்று பெயரும் வந்துவிடும். இரண்டு பக்கத்தாலும் எனக்குப் பாண் தொழிற்சாலைதான். வருவது வரட்டும் என்று ஞாயிறு பின்னேரம் மேசையடிக்குப் போனேன்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. நீங்களும் தில்லை அண்ணையும் கூட்டா விளையாடுறியள் எண்டு முறைப்பாடு வந்திருக்கு."

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானோ? உவரோடையோ? நான் உவரோடை கதைச்சு மூண்டு மாசம்!"

"அப்ப மூண்டு ஆஸை ஏன் கீழை வைச்சனீங்கள்?"

மற்ற மேசைகளில் காட்ஸ் நின்றது. தில்லை அண்ணை மெல்லத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். "மூண்டு ஆஸோ?" என்றார். மூன்று மாதத்தில் அவர் மாஸ்டரோடு பேசிய முதல் சொல் அது.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி. பிறகு எங்களுக்குச் சொல்கிறமாதிரிச் சொன்னார்: "அண்டைக்கு விடியத் துவங்கி எயாப்போட்டிலை நிண்டுபோட்டு வந்தவர். முகம் செத்துக் கிடந்தது. பிளாஸ்ரிக் சில்லுத்தானே, கொண்டு போகட்டும் எண்டு விட்டன். அது களவோ?"

தில்லை அண்ணைக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது? "அப்ப அண்டைக்கு ஏன் மாஸ்டர் அத்தனை சனத்துக்கு முன்னாலை அப்பிடி ஏசினியள்?" என்று கேட்டார். "பின்னை, பாட்னர் பிடியை வெட்டினா நன்றிக் கடிதமோ எழுதுறது?" என்றார் மாஸ்டர். பிறகு, "சனத்துக்கு முன்னாலை ஏசினது பிழைதான்" என்று மெல்லிய குரலில் சேர்த்தார். தில்லை அண்ணை மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் வெட்டினதும் பிழைதான். ஆனா மாஸ்டர், முதல் காட்டே நீங்கள் போட்ட முறை பிழை."

மாஸ்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டார். குரல் பழைய வகுப்புக் குரலாகிவிட்டது: "என்ன பிழை? இரும் உதிலை. காட்ஸை எடும். பிழையோ சரியோ எண்டு இப்ப காட்டுறன்!"

ஆறாம் மாதம்

அன்றைக்கு இரவுக்குள் ஊரெல்லாம் ரெலிபோனில் செய்தி போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ஏழு மேசையும் நிரம்பின. போக்கர் மேசைக்கு ஒருவருமில்லை. ஜெயமணி அன்ரியும் எழும்பிப் போய் அங்கிளுக்கு எதிரே இருந்துகொண்டார். முப்பது வருட முறைப்பாடுகளைத் துரும்பு துரும்பாகத் தீர்த்தார். நான் நடுமேசையின் சில்லுகளைப் பெட்டியில் போட்டு மூடி, அந்த மேசையையும் முன்னூற்றிநாலுக்கு விட்டேன். மனது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. கறுப்புக் கோட்டை உலர்சலவைக்குக் கொடுத்தேன், திரும்பப் போய் எடுக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்த ஞாயிறு. வசந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். எட்டு மேசையும் நிரம்பி, நின்று பார்ப்பவர்களும் நிரம்பி, ஒருவரை ஒருவர் ஏசுகிற சத்தத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். "போக்கர் எங்கை?" என்று கேட்டாள். நான் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வித்தையில்தானே ஆறு மாதம் போனது. ஆனால் முடியவில்லை. "போக்கர் இல்லை. நான் நினைச்சது முழுக்கப் பிழை. உம்மைக் கேக்காமல் வேலையை விட்டது அதைவிடப் பிழை" என்றேன்.

வசந்தி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். எங்கிருந்து தொடங்கினாள் என்று சொல்ல முடியாது, எல்லாப் பக்கத்தாலும் வந்தது. வெளியே ஒன்று எழுதி உள்ளே ஒன்று நடத்துகிற வெட்கங்கெட்ட வேலை, கேட்காமல் விட்ட நல்ல வேலை, ஆறு மாதம் நித்திரையில்லாமல் அவள் புரண்டது, அதைக் கண்டும் காணாமல் நான் குறட்டை விட்டது, அழுக்கேறிப் போன என் சட்டைக் கொலர். மாஸ்டர்கூடத் தன் ஏச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார், மரியாதையோடு. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இத்தனை பேருக்கு முன்னால் நான் இளித்துக்கொண்டு நின்றேன். அது அவளுக்கு இன்னும் கோபம். கைப்பையை என் கையில் திணித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு லீசிலை நானும் கையெழுத்து வைப்பன். இளிக்காமல் முதல்லை உந்த ரொய்லெற்றைக் கழுவுங்கோ, மனுசர் போற இடமே அது?"

அந்த அறையை நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் நடத்தினோம்; அதில் வசந்தி என்னை ஏசாத நாட்கள் என்றால் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு அவள் ஜேர்மனி போயிருந்த பதினெட்டு நாட்கள்தான், அந்தப் பதினெட்டு நாளும் நான் மேசைகளுக்கு எண்ணிக் கொடுத்த காட்ஸ் கட்டுகூடக் கணக்கில் பிழையாகவே இருந்தது.